எதுவுமே நடக்காத ஊரில் எதை எழுதுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கிளிநொச்சியிலிருந்து 12 கிலோமீற்றர் உள்ளே ஒரு கிராமம், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை, காலையும் பின்னேரமும் சைக்கிள் ஓட்டம், கவிதையும் சிறுகதையும் எழுத ஆசை. "இங்கே எதுவும் நடப்பதில்லை, எழுதுவதற்கான உந்துதல் எங்கிருந்து வரும்? எப்போதாவது ஒன்று வந்தாலும் இரண்டு நாளில் வற்றிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாறினால் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வசனத்தோடு யாரிடம் போனாலும் இயற்கையைப் பாருங்கள், நிறைய வாசியுங்கள், ஊர் சுற்றுங்கள் என்பார்கள். நோய் இருப்பது இரண்டாவது வசனத்தில். "வந்தாலும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வருகிறது, தங்கவில்லை. வராததற்குப் பார்க்கும் வைத்தியத்தைத் தங்காததற்குப் பார்த்தால் இன்னும் நாலு தடவை வந்து இன்னும் நாலு தடவை வற்றும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் எழுத்துப் பயிற்சி கொடுத்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல இந்த இரண்டாவது வகைதான்.

உளவியலில் இதற்கு ஒரு பிரிப்பு இருக்கிறது. டொட் த்ராஷ், அன்ட்ரூ எலியட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2004 இல் உந்துதலை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றைக் கண்டு மனம் கிளர்வது ஒன்று, அந்தக் கிளர்ச்சி ஏதோவொன்றைச் செய்யச் சொல்லித் தள்ளுவது இன்னொன்று. குளக்கட்டில் நின்று "அட!" என்பது முதலாவது. வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறப்பது இரண்டாவது. முதலாவது தானாக நடக்கும், நாம் அழைக்க முடியாது. இரண்டாவதற்குப் பாதை வெட்டி வைக்கலாம். த்ராஷும் உடனிருந்தவர்களும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை எழுதவைத்துப் பார்த்தபோது, உந்துதல் கூடியவர்களின் எழுத்தில் புதுமை கூடியிருந்தது. உழைப்புக் கூடியவர்களின் எழுத்தில் செய்நேர்த்தி கூடியிருந்தது. இரண்டும் வேறு வேறு சாமான்கள், ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது. இதுவரை சொன்னது ஆய்வில் உள்ளது. இனிச் சொல்லும் பயிற்சி முறை பழக்கத்தில் தேறியது, பரிசோதனைச் சாலையில் தேறியது அல்ல. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை எங்கே உடைகிறது என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான். உணர்ச்சியை முதலில் எழுதுகிறார்கள். "மாலை நேரக் குளம் மனதுக்கு இதம் தந்தது" என்று எழுதி வைத்தால், இரண்டு நாள் கழித்து அந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இராது. இதம் ஆவியாகியிருக்கும், குளம் எந்தக் குளமாகவும் இருக்கலாம். தொல்காப்பியத்தின் அகத்திணையியல் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் உள்ளவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டை எண்ணிச் சொல்லி, இவை போன்ற பிறவும் என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. உரி என்பது உணர்வு. மூன்றில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும் சொல்கிறது. ஆகவே உரிதான் உச்சம். ஆனால் அது கடைசியில் வருகிறது. இது பாட்டு அமைவதற்குச் சொன்ன இலக்கணம். நாட்குறிப்பு எழுதும் ஒழுங்காக இதை மாற்றுவது நானும் என்னைப் போன்ற சிலரும் செய்யும் வேலை, தொல்காப்பியர் மேல் பழி போட வேண்டாம். ஆனாலும் அந்த ஒழுங்கு வேலை செய்கிறது.

செய்முறை இது. சட்டைப்பையில் அடங்கும் கொப்பி ஒன்று. உங்கள் சைக்கிள் பாதையில் 10 நிமிடம் குந்தியிருக்கக்கூடிய இடம் ஒன்று: வாய்க்கால் மதகு, பஸ் தரிப்பிடம், சங்கக் கடை விறாந்தை, எதுவாகவும் இருக்கலாம். 14 நாள், அதே இடம், அதே நேரம், நாளுக்கு 6 வரி. முதல் வரியில் முதற்பொருள்: இடம், மணி, காற்று எந்தப் பக்கம். அடுத்த 4 வரியில் கருப்பொருள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும், அது ஒன்றைச் செய்ய வேண்டும். 6 ஆம் வரி வெறுமையாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நிரப்பலாம். அழகு, அமைதி, சோகம், இனிமை ஆகிய நாலு சொல்லுக்கும் 14 நாள் தடை. "போல" என்ற சொல்லுக்கும் ஞாயிறு வரை தடை, ஏனென்றால் உவமை வந்தவுடன் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. "ஏதோ ஒரு மரம்", "ஏதோ ஒரு குருவி" கூடாது. பெயர் தெரியாவிட்டால் இலையையும் பட்டையையும் எழுதிவைத்து, அன்றைக்கே யாரிடமாவது கேளுங்கள். உங்கள் வன்னிப் பகுதியில் மரத்தின் பெயர் தெரியாத 60 வயதுக்காரர் அரிது. பாலை, வீரை, முதிரை, மருது எல்லாம் நின்ற நிலையிலேயே சொல்வார்கள். கேட்கப்போன இடத்தில் கிடைக்கும் கதை தனி.

அந்த எட்டுக் கருப்பொருளையும் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். தெய்வம் என்றால் காட்டுக்குள் போகிறவர் குழை முறித்து வைத்துவிட்டுப் போகும் மரத்தடிப் பிள்ளையார். உணவு என்றால் பாலைப்பழமும் எருமைத் தயிரும். பறை என்றால் கோயில் லவுட்ஸ்பீக்கர், அல்லது பின்னேரம் பாண் கொண்டுவரும் ஓட்டோவின் பாட்டு. அந்த ஓட்டோக்கள் பலவற்றில் ஒலிப்பது பீதோவனின் இசை. அது ஒழுங்கையில் நுழைந்ததும் எந்த வீட்டு நாய் எழும்புகிறது என்பது உங்கள் ஊருக்கு மட்டும் உரிய செய்தி. வன்னிக்கு ஒரு வசதியும் உண்டு. காடு முல்லை, குளத்துக்குக் கீழே வயல் மருதம், முல்லைத்தீவுப் பக்கம் கடலும் களப்பும் நெய்தல். ஒரு பஸ் பயணத்துக்குள் மூன்று திணை. பாலை மரமும் நிற்கிறது, ஆனால் சங்கப் பாட்டின் பாலை இந்த மரந்தானா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அந்தச் சண்டைக்குள் போகாமல் பழத்தைச் சாப்பிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு நாள் குறிப்பு இப்படி வரலாம். "ஆவணி, பின்னேரம் 5.20, குளத்து அலைகரை. சோளகம் விழுந்துவிட்டது. தண்ணீர் கரையிலிருந்து 30 கெஜம் உள்ளே போய்விட்டது. எருமைகள் சேற்றில் மிதித்துப் போன குளம்புக் குழிகள் வரிசையாக இருக்கின்றன, விளிம்பு காய்ந்து வெடித்திருக்கிறது. ஒரு குழியில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, அதற்குள் நகத்தளவு மீன்குஞ்சு மூன்று. ஐந்து குழிக்கு அப்பால் ஒரு கொக்கு." இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாசிக்கும்போது 6 ஆம் வரியில் முதலில் "பரிதாபம்" என்று எழுத வரும். அதை வெட்டுங்கள், அது யாருக்கும் வரும் சொல். குழியைத் திரும்பப் பாருங்கள். எருமை மிதித்திராவிட்டால் அந்தக் குஞ்சுகள் தண்ணீர் வற்றிய அன்றே செத்திருக்கும். எருமை மிதித்ததனால்தான் தண்ணீரோடு போகாமல் அங்கே மாட்டியும் நிற்கின்றன. அடைக்கலமும் கண்ணியும் ஒரே குழி. எருமைக்கு இரண்டுமே தெரியாது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் இனி அது மீனைப் பற்றிய விசயமாக இருக்கத் தேவையில்லை. தனக்குத் தெரியாமல் ஒருவரைக் காப்பாற்றி, அதே செயலால் அவரை மாட்டவைத்த ஆள் உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கக்கூடும். கடனுக்குப் பிணை கையெழுத்துப் போட்ட யாரோ ஒருவர். இரண்டு மாதம் கழித்துத் திறந்தாலும் அந்தக் குழி அப்படியே இருக்கும், இதத்தைப் போல ஆவியாகாது.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் 4 ஆம், 5 ஆம் நாளில் உடையும். "இருந்ததெல்லாம் எழுதியாச்சு" என்று தோன்றும், ஆட்கள் இடத்தை மாற்றுவார்கள். மாற்றாதீர்கள். பெரிய சாமான்கள் தீர்ந்த பிறகுதான் கண் சின்னதுக்கு இறங்கும். இடம் மாற்றினால் திரும்ப மரம், வானம், மாடு என்று மேலேயிருந்து தொடங்க வேண்டிவரும். இன்னொரு பிழை கைத்தொலைபேசி. படம் எடுத்தவுடன் மனம் "பத்திரமாயிற்று" என்று கையை விட்டுவிடுகிறது. குரல் பதிவு பரவாயில்லை, அதுவும் அன்றிரவே கொப்பிக்கு மாறினால் மட்டும். ஒரு கிழமைக்கு மேல் போன குரல் பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை. 14 நாள் முடிவில் கருப்பொருள் வரி 56 இருக்கும். அதில் நாலு, ஐந்து தேறினால் நல்ல விளைச்சல் என்பது என் கணக்கு. மற்ற ஐம்பதும் வீண் என்று யோசிக்க வேண்டாம், அவற்றை எழுதாமல் இந்த ஐந்தும் வந்திராது.

"எதுவும் நடப்பதில்லை" என்பதற்கு வருகிறேன். வன்னியின் வாய்மொழிப் பாடல்களில் பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு என்று இரண்டு உண்டு. வயலைக் கிண்டும் பன்றியும் கதிரை உருவும் குருவியும் பாடுபொருளானவை. காவல் பரணில் நித்திரை முழித்தவனுக்கு அன்றைக்கு வேறெதுவும் நடக்கவில்லை, பன்றிதான் வந்தது. ஊர்ப் பெயர்களை எடுங்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கொண்டக்டர் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி தண்ணீரின் பெயர். மோட்டை சிறு நீர்நிலை, மடு ஆழமான நீர்நிலை. இரணைமடு என்பதில் இரண்டு மடு இருக்கிறது. பின்னொட்டின் பொருள் இப்படி உறுதியானது. முன்னால் உள்ள பகுதிக்கு ஊரில் சொல்லும் கதைகள், இந்த அரசன் இங்கே முரசு கொட்டினான் வகைக் கதைகள், பல இடங்களில் பெயருக்குப் பின் பிறந்தவை. வரலாறாக எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள், கதையாக எழுதினால் அவை தங்கம். சொற்களையும் சேருங்கள். குளத்து மதகான துருசைத் திறப்பது, குளம் நிரம்பி வான் பாய்வது, களத்தில் நெல்லைப் பொலி என்பது: இவற்றை மேசையிலிருந்து உண்டாக்க முடியாது. உங்களுக்கு இன்னொரு சுரங்கமும் இருக்கிறது, நீங்கள் அதைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் மாதக் கடைசியில் வராமல் 3 ஆம் தேதி வருகிறார், யார் கையெழுத்துப் போட முன்னம் கையைத் துடைக்கிறார், சீனியை 250 கிராமாக வாங்குகிற வீடு எந்த மாதம் ஒரு கிலோ வாங்குகிறது. பெயரையும் தொகையையும் மாற்றாமல் ஒன்றையும் எழுதவேண்டாம். உங்கள் வேலையும் அவர்களின் மானமும் அதில் இருக்கிறது.

விழாக்களை நான் கடைசியில்தான் வைப்பேன். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் உப்புநீரில் எரியும் விளக்கையே எழுதுகிறார்கள். எழுதட்டும். மறுநாள் காலையில் அடுப்புக் கல்லுகள் சூடாறாமல் கிடப்பதை எழுத ஆள் இல்லை.

சரி, நாலைந்து வரி கையில் இருக்கிறது. அதை வளர்ப்பது எப்படி? கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926 இல் படைப்புச் சிந்தனையை நாலு கட்டமாகச் சொன்னார்: ஆயத்தம், ஊறல், பளிச்சிடல், சரிபார்ப்பு. ஒழுங்கு எப்போதும் இப்படி நேராகப் போகாது என்று பின்னர் பலர் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் ஊறல் என்ற கட்டத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. உட் நா சியோ, தோமஸ் ஒமரோட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009 இல் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிக்கலை இடையில் விட்டுவிட்டுத் திரும்பினால் பயன் உண்டு என்று கண்டார்கள். சொல் சார்ந்த புதிர்களில், இடைவேளையில் சும்மா இருப்பதைவிடவும் கடினமான வேலை செய்வதைவிடவும் இலேசான வேலை செய்வது கூடிய பயன் தந்தது. அவை பரிசோதனைப் புதிர்கள். கதைக்கும் அது பொருந்தும் என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் இல்லை. உங்களுக்கு இலேசான வேலைக்கா பஞ்சம்? கச்சான் உடைப்பது, தென்னைக்குத் தண்ணி விடுவது, கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பது. நிபந்தனை ஒன்றுதான். ஊறப்போட முதல் அரிசி பானைக்குள் இருக்க வேண்டும். 20 நிமிடமாவது அந்த வரியோடு மல்லுக்கட்டி ஒரு கேள்வியில் சிக்கி நின்றுவிட்டு, பிறகு கச்சானைக் கையில் எடுங்கள். வெறும் பானை எவ்வளவு நேரம் இருந்தாலும் வெறும் பானை. 2014 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, நடக்கும்போது புதுப்புது யோசனை பெருகுகிறது என்றும், ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை உதவவில்லை என்றும் காட்டியது. அதாவது முதல் யோசனைக்கு நடையும், வசனம் திருத்துவதற்குக் கதிரையும் நல்லது. சைக்கிள் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. காட்டு வீதியில் மாலை மங்கும் நேரம் கண்ணை வீதியில் வையுங்கள், கதையை வீட்டில் யோசிக்கலாம்.

ஞாயிறு காலை 40 நிமிடம் ஒதுக்குங்கள். கிழமைக் குறிப்பை வாசிக்க 10, வெறுமையான 6 ஆம் வரிகளை நிரப்ப 10, ஒன்றைத் தெரிந்து ஒரு பக்கம் கன்னாபின்னாவென்று எழுத 20. அந்தப் பக்கம் மோசமாகத்தான் இருக்கும். மோசமான ஒரு பக்கத்தைத் திருத்தலாம், எழுதாத பக்கத்தைத் திருத்த வழியில்லை. குறிப்பு மட்டும் சேர்த்துச் சேர்த்து ஆறு கொப்பி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது சாக்கில் கிடக்கும் விதைநெல், விதைக்காமல் வருடம் போனால் முளைக்காது. கருவை நண்பரிடம் வாயால் சொல்லித் தீர்த்துவிடுவதையும் தவிர்க்கச் சொல்வேன். சொன்னவுடன் பாராட்டுக் கிடைத்துவிடுகிறது, எழுதுவதற்கு உந்த ஒன்றும் மிஞ்சுவதில்லை. இது எல்லோருக்கும் அப்படியா என்று அடித்துச் சொல்லமாட்டேன். சொல்லிச் சொல்லியே கதையைக் கூராக்குகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எவ்வளவு எழுதுவது என்பதற்கு உங்கள் ஊர்க் கமக்காரரின் கணக்குத்தான் நல்லது. சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் கூடி, குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, இந்தமுறை இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். மிச்ச வயல் சும்மா கிடக்கும், அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. உங்களுக்குக் கிழமைக்கு மொத்தம் இரண்டு மணித்தியாலம் இருக்கிறதென்றால் அது ஒரு சிறு கவிதைக்கோ கதையின் ஒரு காட்சிக்கோ காணும், நாவலுக்குக் காணாது. நாவலைத் தொடங்கிவிட்டு உந்துதல் வற்றிவிட்டது என்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வற்றியது நேரம். ஒன்றை முடித்த கையோடு இரண்டு மூன்று கிழமை ஒன்றும் வராது. அப்போது 6 வரிக் குறிப்பை மட்டும் தொடருங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விட்டுவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் தொடவேண்டியிருக்கிறது. வன்னியிலிருந்து எழுதுகிறவரிடம் உலகம் 2009 ஐ எதிர்பார்க்கிறது. அதை எழுதாவிட்டால் எழுத்தே இல்லை என்ற அழுத்தமும் "எதுவும் நடப்பதில்லை" என்ற எண்ணத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு எருமைக் குழி எல்லாம் ஒரு விசயமா என்று தோன்றும். எழுதுவதும் விடுவதும் உங்கள் உரிமை. எழுதினால் நிகழ்ச்சியிலிருந்து தொடங்காமல் ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்: தறப்பாள், வீடு இல்லாமற்போன பிறகும் பையில் இருந்த வீட்டுத் திறப்பு, இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கூடவே வந்த ஒரு பானை. மணிக்கூடு வைத்து 15 நிமிடம், பகலில், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986 இல் வெளியான ஆய்வில் மாணவர்களை மனக்காயங்கள் பற்றி 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். பின்வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதிய அன்று மனம் இன்னும் கனத்திருந்தது. அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பயன் சிறியது, சிலருக்கு இல்லவே இல்லை. எழுத்து வைத்தியம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பவேண்டாம். நான் மருத்துவரல்ல, அடுத்தடுத்து சில இரவு நித்திரை கெட்டால் அதை நிறுத்திவிட்டு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்பது மட்டும் என்னால் சொல்லக்கூடியது.

யாழ்ப்பாணம், கொழும்பு பற்றிக் கேட்டீர்கள். வேலைக்கோ படிப்புக்கோ போவதானால் போங்கள். நூலகமும் எழுதுகிற ஆட்களும் பக்கத்தில் இருப்பது மெய்யான இலாபம். உந்துதலுக்காக மட்டும் போனால், முதல் மூன்று மாதம் கண் புதிதாக இருக்கும், அதன் பிறகு கொழும்பும் எதுவும் நடக்காத ஊராகிவிடும். இடம் மாற்றுவதற்கு முதல் இந்த 14 நாளை ஒருக்கால் செய்து பாருங்கள். கோடையில் தொடங்குவது சுகம். ஐப்பசி மழைக்குள் தொடங்குவதென்றால் பேனை வேண்டாம், ஈரத்தில் மை ஊறி வரி அழிந்துவிடும். சீவிய பென்சில் இரண்டு, கொப்பியைச் சுற்ற ஒரு சொப்பிங் பை.